திரும்பி விழும் வாயு

அன்பு மகள் இல்ஸெவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஹோபார்ட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே பெய்லனில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். கட்டி மூளையில் இன்னும் பரவிவிட்டதாம், டாக்டர் இப்போது வாரக் கணக்கில்தான் பேசுகிறார். காலையில் கொஞ்சம் மோர்க்கஞ்சி இறங்குகிறது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை சீட்ஸ்கெ வந்திருந்தாள், அம்மாவிடம் வானியல் படித்து இப்போது அம்மாவின் வேலையையே பார்க்கிறாளே அந்தப் பெண். அம்மா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த தூரத்து விண்மீன் மண்டலம் உனக்கு ஞாபகம் இருக்கும், அதன் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பீறிட்டுப் பாய்கிற தாரை சுற்றியிருக்கிற வாயுவை எல்லாம் வெளியே துரத்திவிடும், இனி அங்கே புது நட்சத்திரமே பிறக்காது என்று எழுதி எத்தனை பேரோடு சண்டை போட்டாள். அதைப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டுக் கேட்டு இப்போதுதான் கிடைத்து, படமும் வந்துவிட்டது. சீட்ஸ்கெ நேரே அடுப்படிக்கு என்னிடம் வந்து, தாரை தள்ளுறது உண்மைதான் ரூலோஃப், ஆனா வாயு கொஞ்ச தூரம் போய் வேகம் குறைஞ்சு திரும்ப விழுது, பெரும்பாலும் வெளியேறவே இல்ல, இதை அவங்ககிட்ட எப்படிச் சொல்வேன், நல்லா வந்திருக்குன்னு மட்டும் சொல்லிடவா என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து, அங்க என்ன குசுகுசுப்பு, நான் இன்னும் சாகலையே என்று அம்மா குரல் கொடுத்தாள்.

சீட்ஸ்கெ நீட்டிய படத்தை அம்மா கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். விரல் சரியாக ஓரத்தில் போய் நின்றது. இங்க வேகம் குறையுதே சீட்ஸ்கெ, அப்போ திரும்பி விழுதா என்று கேட்டாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அம்மா படத்தை மடியில் வைத்துவிட்டு, நான் சொன்னது தப்புன்னு கட்டுரையோட முதல் பத்தியிலேயே எழுதணும், ஹில்லின்னு என் பேரையும் போடணும், மழுப்பினா எழுந்து வந்து உதைப்பேன் என்றாள். மூன்று பேரும் சிரித்தோம், சீட்ஸ்கெவுக்குச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அவள் போன பிறகு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். தப்பாகிப் போச்சேன்னு வருத்தமா ஹில்லி என்று கேட்டேன். அது கிடக்கட்டும், விழுந்த வாயு அப்புறம் என்ன ஆகும்னு யாராவது பார்ப்பாங்க, நான் பார்க்க முடியாதே ரூலோஃப் என்றாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், வேறு ஒன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

நீ குழந்தையை அடித்துத் திட்டிப் படிக்க வைக்காதே, அவன் போக்கில் விடு. குளிருக்கு அவனுக்குக் கம்பளிக் காலுறை போட்டு விடு. எல்லாரும் நலமாக நெடுநாள் இருக்க என் ஆசிகள்.

இல்ஸெ வர வேண்டாம், அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை என்று உனக்கு எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன். நீ கிளம்பி வா.

உன் அப்பா,
ரூலோஃப்