அச்சு முறிந்த வண்டி குறித்துச் செம்பாறை அரசி தம் தம்பிக்கு விடுத்த ஓலை

மங்கலம் நிலைபெறுக. மலை தந்த நீரும் மண் தந்த நெல்லும் குறையாதிருக்க.

செம்பாறை நாட்டின் கணவாய்களுக்குக் காவலும், நீர்க்கல்லில் கைவைக்கும் உரிமையும், வெண்கொற்றக்குடையும் உடைய பெருங்கோதைத் தேவியார் திருவாய் மலர்ந்தருளியபடி, சகடப்பேட்டையின் ஆளுகையை ஏற்றவரும் தேவியாரின் உடன்பிறந்த இளையவருமான இளம்பூதர் கண்டு கைக்கொள்ள வேண்டிய ஓலை. உமது பேட்டையும் அதன் வீதிகளும் அங்காடிகளும் அங்கு வாழும் குடிகளும் நலம் பெறுக. வண்டி வணிகரும் நலம் பெறுக. அவர்கள் நலத்துக்கு நம் வாழ்த்து தேவைப்படாது என்பதை இவ்வாண்டு நேரிலேயே கண்டு வந்தோம்.

முறைப்படி ‘நீர்’ என்றே எழுதச் சொல்லித் தொடங்கினோம். இரண்டு வரிக்கு மேல் வாயில் வரவில்லை. நீ பிறந்த நாளிலிருந்து உன்னை நீ என்றே அழைத்த நாக்கு அது. கோபத்திலும் வேறு சொல் அறியாது. ஆகவே நீ என்றே எழுதுகிறோம். இவ்வோலை உன் பேட்டை மன்றத்தில், வணிகரும் குடிகளும் கூடியிருக்க, உன் முன்னிலையில் உரக்கப் படிக்கப்படும். ஆதலால் நீ அறிந்தவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறோம்.

நமக்கும் மேற்கே உள்ள கானவூர் நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் மதகருகே நீர்க்கல் நிற்கிறது. ஆண்டுதோறும் நடவுக்கு முன் குறித்த நாளில் இரு நாட்டு அரசரும் அக்கல்லில் ஒருசேரக் கைவைத்தால் ஆற்று நீர் இரு பங்காகும். கதிரவன் மறையுமுன் வந்து சேராதவரின் மதகு அவ்வாண்டு முழுவதும் அடைபட்டே கிடக்கும். மனிதர் தோளில் ஏறி வருபவர் கல்லைத் தொடலாகாது என்பதும் அவ்வழக்கின் பகுதியே. குடிகளின் தோளை நோகச் செய்தவர் குடிகளுக்காக நீர் கேட்பது தகாது என்று நம் முன்னோர் எண்ணினர். ஒருவர் ஊரை ஒருவர் எரித்து அலுத்துப்போன இரு நாட்டார் கூடி வகுத்த வழக்கு அது. அதை மீறினால் மீண்டும் தீப்பந்தம்தான்.

சென்ற மாரியில் எம் புரவி இடறி விழுந்ததில் எம் இடது இடுப்பு முறிந்தது. புரவியும் யானையும் இனி ஆகாது என்று மருத்துவர் விலக்கிவிட்டார். பல்லக்கையோ வழக்கு விலக்கியது. அயல்நாட்டார் அறிந்தால் எம் நாட்டை எளிதாக எண்ணுவர் என்பதால் ஊருக்கெல்லாம் முழங்கால் வலி என்று சொல்லி வைத்தோம். உண்மை அறிந்தவர் மருத்துவர் ஒருவர், நீ ஒருவன். வேறெவரும் இலர்.

எனவே, இருக்கையைக் கயிற்றில் ஊஞ்சல்போல் கட்டிய, குலுக்காமல் செல்லும் கூண்டு வண்டி ஒன்று வேண்டும் என்று உனக்கு எழுதினோம். நாடெங்கும் வண்டி வாங்குவோர் வருவது உன் பேட்டைக்கே அன்றோ. எந்த நாளுக்குள் வேண்டும், எதுவரை விலை கொடுக்க முடியும், எங்கே வலிக்கிறது என்பது வரை ஒன்றையும் மறைக்காமல் எழுதினோம். நீ மறுமொழி விடுத்தாய். அரசி என்று தெரிந்தால் வணிகர் விலையை ஏற்றிவிடுவர், ஆகவே குடையும் காவலும் இன்றி ஒரு தானிய வணிகரின் கைம்பெண்ணாக வந்து வாங்குவதே அறிவு என்றாய். அவ்வேளையில் உனக்கு எல்லைப்புறத்தில் பணி இருப்பதால் உடன் வர இயலாமைக்கு வருந்துவதாகவும் சொல்லியிருந்தாய். தம்பி எவ்வளவு முன்யோசனை உடையவன் என்று அவையிலேயே பெருமை பேசினோம். அப்பேச்சை இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.

பாகன் தித்தனை மட்டும் உடன்கொண்டு பழைய கட்டைவண்டியில் பேட்டைக்கு வந்தோம். வண்டி விற்கும் மாடமொன்றின் வாயில் மேடையில் நாம் விரும்பியபடியே ஒரு வண்டி நின்றது. அதைக் காட்டிக் கேட்டோம். விற்பனைக்கு நின்ற நாகன் காரி என்பவன் எம்மை அம்மணி என்று அழைத்து, இருக்கை தட்டிப் போட்டு, அவ்வண்டி அன்று காலையில்தான் விலைபோயிற்று என்றும், ஆனால் உள்ளே அதனினும் சிறந்ததொன்று எமக்கென்றே காத்திருப்பதுபோல் நிற்கிறது என்றும் சொன்னான். பிற்பாடு விசாரித்ததில், மேடை மேல் இருந்த வண்டி அங்கேயே ஐந்தாறு ஆண்டுகளாக நிற்கிறதாம். நாள்தோறும் காலையில் விலைபோகிறதாம்.

உள்ளே இருந்ததற்குச் சிவப்புச் சாயம் புதிதாக ஏறியிருந்தது. ஏறி அமர்ந்து பார்க்கச் சொன்னான். தன் காளைகளைப் பூட்டி, மணல் பரப்பி நீர் தெளித்த தன் தெருவிலேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். தொட்டிலில் கிடப்பதுபோல் இருந்தது. எம் தலைநகர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா என்றதற்கு, வாங்காத வண்டியை வாசல் தாண்டவிட்டால் குலத்துக்கு ஆகாது என்று காதைப் பொத்திக்கொண்டான்.

விலை சொன்னான், குறைவாகவே இருந்தது. மகிழ்ந்தோம். பிறகுதான் சக்கரத்துக்குத் தனி விலை என்றான். சக்கரம் இல்லாத வண்டியை எவன் வாங்குவான் என்று கேட்டால், சிலர் தம் வீட்டுச் சக்கரத்தைக் கொண்டு வருவதுண்டு என்றான். நுகத்தடிக்குத் தனி, கூண்டின் மேல்துணிக்குத் தனி, அச்சுக்குப் பூசும் எண்ணெய்க்குத் தனி. வண்டி புறப்படும்போது மஞ்சள் நீர் தெளிக்கும் மங்கலத்துக்கும் தனி. நாட்டின் வரிகளை வகுத்த எமக்கே தலை சுற்றிற்று.

குறைக்கச் சொன்னபோதெல்லாம் அவன், என்னால் ஆகாது, உள்ளே முதலாளியைக் கேட்டு வருகிறேன் என்று ஒரு நீலத் திரைக்குப் பின்னே போனான். வெகுநேரம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தான். முதலாளி தன்னைக் கடிந்துகொண்டதாகவும், தன் பிழைப்பே போய்விடும்போல் இருப்பதாகவும், ஆயினும் கைம்பெண் என்றதும் அவர் மனம் சற்று இளகியதாகவும் சொன்னான். மீண்டும் போனான், மீண்டும் வந்தான். எமக்கு அவன்மீது இரக்கமே உண்டாயிற்று. ஒருமுறை திரும்பி வந்தவன், எம்மைக் கேளாமலே, இருக்கையின் இடப்பக்கத்துக்கு மட்டும் இரட்டை மெத்தை போட்டுத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார், அதற்கு விலை இல்லை என்றான். எவ்வளவு நல்ல முதலாளி என்று எண்ணினோம். வலியில் இருப்பவருக்கு மெத்தை கிடைத்தால் அறிவு மங்கிவிடும் போலும்.

ஆயினும் விலை நாம் கொடுக்க எண்ணி வந்த எல்லையிலேயே சரியாக வந்து நின்றதும், சற்றே ஐயம் கொண்டு, இன்னொரு மாடத்தையும் பார்த்துவிட்டு வருவோம் என்று எழுந்தோம். எம் காளைகளைக் காணவில்லை. மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்றிருப்பதாகவும், ஓட்டிச் சென்றவன் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். தித்தன் ஆற்றங்கரைவரை அலைந்து வெறுங்கையோடு வந்தான். உச்சி வெயில் சாய்ந்தது. இடுப்பு எரிந்தது. அப்போது நாகன் காரி மிகுந்த வணக்கத்தோடு ஒரு தட்டில் வெற்றிலை நீட்டினான். எடுத்துக்கொண்டோம்.

உன் பேட்டையில் வெற்றிலை எடுப்பது வாக்குக் கொடுப்பது. எடுத்தவர் வாங்கியே தீரவேண்டும். இதை நாம் அறியாதவர் அல்லர்; அவ்வழக்குக்கு ஒப்புதல் தந்ததே நாம்தான். ஆனால் அரியணையில் அமர்ந்த நாள்முதல், நீட்டிய வெற்றிலையையெல்லாம் எடுத்து எடுத்துப் பழகிய கை இது. வணிகரின் கைம்பெண்ணாக வேடமிட்டது உடம்பு மட்டுமே. கை அரசியாகவே இருந்தது. மாடத்தில் இருந்தவர் எல்லாரும் கைதட்டினர். எம் காளைகளும் அந்நேரமே எங்கிருந்தோ வந்து சேர்ந்தன.

குறித்த நாளில் அவ்வண்டியில் நீர்க்கல்லுக்குப் புறப்பட்டோம். மலைச்சாலையின் முதல் இறக்கத்திலேயே முனகத் தொடங்கிய அச்சு, மதகு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இரண்டாக முறிந்தது. தித்தன் தூக்கிப் பார்த்தான். வேலமரம் என்று விற்றது முருங்கையைப்போல் மெத்தென்ற ஏதோ ஒரு கட்டை. முன்னமே பிளந்திருந்ததை அரக்கால் அடைத்து, மேலே சாயம் பூசியிருந்தனர். காவலர் எம்மைத் தோளில் தூக்க ஓடி வந்தனர். தள்ளிப் போகச் சொல்லி, ஈட்டி ஒன்றை ஊன்றி நடந்தோம். எத்தனைமுறை விழுந்தோம் என்பதை எழுதச் சொல்ல மனமில்லை. மதகுக் கரையில் நம் ஊர் உழவர் நின்றிருந்தனர். நாற்றங்கால் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். எம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் பார்க்க மாட்டாமல் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

நாம் கல்லை அடையுமுன் கதிரவன் மறைந்தான். கானவூர் அரசர் தம் கையை எடுத்தார். தாம் ஒருவர் மட்டும் என்றால் விடியும்வரை காத்திருப்பதாகவும், ஆனால் தம் குடிகளும் அக்கரையில் நின்று பார்க்கின்றனர் என்றும் தணிந்த குரலில் சொன்னார். பகைவர் என்று எண்ணியிருந்தவர் சொன்ன அச்சொல்லில் இருந்த கண்ணியம் எம்மைக் கூசச் செய்தது. நம் மதகு நம் கண்முன் அடைக்கப்பட்டது.

நாகன் காரியைப் பிடித்து வரச் செய்தோம். அவன் எதையும் மறைக்கவில்லை. திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் முதலாளி அல்லர், இளவரசர் என்றான். நம்பவில்லை. பிறகு அவன் மெத்தையைப் பற்றிச் சொன்னான். இடப்பக்கம் என்று சொன்னது நீயாம். அக்கா வலியைக் காட்டமாட்டார், ஆனால் இடப்பக்கம் மெத்தை இட்டால் மறுபேச்சின்றி வாங்கிவிடுவார் என்றாயாம். பேட்டையில் விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் உனக்கு ஒரு பங்கு உண்டாம். நீர்க்கல்வரை வண்டி தாங்குமா என்று நீ ஒருமுறை கேட்டாயாம். தாங்கும் என்று மாடத்தார் சொன்னார்களாம். அதற்குமேல் நீ கேட்கவில்லை. கோபித்தாலும் அக்கா ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று சொல்லிச் சிரித்தாய் என்பதையும், மிகவும் தயங்கியபின், சொன்னான்.

இளம்பூதா, நீ அரியணைக்கு ஆசைப்பட்டு அச்சை முறித்திருந்தால் அது எமக்குப் புரிந்திருக்கும். அரச குடியில் பிறந்தவருக்கு அப்பசி வருவதுண்டு. அதற்கு வாளும் உண்டு, சிறையும் உண்டு. நீ எம்மைக் கவிழ்க்க எண்ணவில்லை. எம்மைப் பற்றி எண்ணவேயில்லை. மாடத்துக்கு வரும் எவளோ ஒருத்தியைப்போல் எம்மையும் விற்றுத் தீர்த்தாய். உன்னிடம் மட்டும் சொன்ன வலியை விலைபேசக் கொடுத்தாய். எமக்கு வலிக்கிறது. இடுப்பில் அன்று.

நேற்று உன் ஓலையும், ஒரு குடம் மூலிகைத் தைலமும் வந்தன. அக்கா நலமா, வண்டி சுகமாக ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறாய். தைலத்தைத் திருப்பி அனுப்புகிறோம். அதைத் திறக்கவில்லை.

இனி ஆணை. சகடப்பேட்டையின் ஆளுகை இவ்வோலை படிக்கப்பட்ட நொடியில் உன்னிடமிருந்து நீங்குகிறது. வெற்றிலை எடுத்தால் வாங்கியே ஆகவேண்டும் என்ற வழக்கு இன்றோடு ஒழிந்தது. எவரும் வண்டியைத் தம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்தபின்னரே விலை பேசுக. இதுவரை ஏமாந்தோர் வந்து முறையிட்டால், உன் களஞ்சியமும் மாடத்தின் களஞ்சியமும் திறந்து அவர்களுக்கு ஈடு செய்யப்படும். உன்னைச் சிறையிடவில்லை. நாடு கடத்தவும் இல்லை. நீர் வராத நம் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நீ நடந்தே சென்று, நாற்று கருகிய வயல் வரப்பில் நின்று, இவ்வாண்டு நீர் ஏன் வரவில்லை என்பதை உன் வாயால் சொல்வாயாக. அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்பாயாக. கடைசி ஊரைக் கடக்கும்வரை அரண்மனை வாயில் உனக்குத் திறவாது.

திருவாய்மொழி கேட்டு எழுதினேன், ஓலைநாயகம் மருதந்தை. எழுதியதைச் செவிமடுத்து, பிழையில்லை என்று தேவியார் ஒப்பினார். இவ்வாணை மலையுள்ளளவும் நிற்க.

இதன்கீழ் எம் கையால் கீறுவது: இத்தனை ஆண்டுகளில் உனக்குப் போன எந்த ஓலைக்கும் நாம் இலச்சினை இட்டதில்லை. தம்பிக்கு எழுதுவதற்கு முத்திரை எதற்கு என்றிருந்தோம். இவ்வோலைக்கு இட்டிருக்கிறோம்.