பாக்கியம் வாசித்த கடிதம்

மார்ச் 4, செவ்வாய். இன்றைய குறிப்பின் மிச்சம்.

நித்திரை வரவில்லை. எழுபத்தாறு வயதில் எழுதப் பழகி, இன்று என் கையால் முதல் கடிதம் எழுதி முடித்தேன்! என் மனைவி பாக்கியத்தின் மறதி நோயை ஆராய்கிறவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை இந்த நாட்டு அரசாங்கம் நிறுத்தப் போகிறதாம். தேடுகிறவர்களை நிறுத்தினால் மருந்து எப்படி வரும் என்று எம்.பி.யிடம் கேட்டிருக்கிறேன். மகள்தான் ஆங்கிலத்தில் மாற்றித் தரவேண்டும். அவளுக்குக் கோபம்.

"அப்பா, தன்ர மறதி வருத்தத்தை வெளியில சொல்லவேண்டாம் எண்டு அம்மா அப்பவே சொன்னவா."

ஆகவே பாக்கியத்திடமே கடிதத்தைக் கொடுத்தேன். வாசிப்பு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. 'என் மனைவிக்கு என்னைத் தெரியவில்லை' என்ற வரியையும் தடக்காமல் வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவம் அந்த மனுசி. கட்டாயம் அனுப்புங்கோ, ஐயா."

என் எழுத்தை அவள் வாசித்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சம்மதம் என்று எடுக்கலாமா?