ஏரிக்குத் தண்ணீர் விட்டவர்

மாமா, இன்று அரூர் பஸ் நம் ஏரிக்கரையில் திரும்பியபோது சேறு காயும் வாடை குப்பென்று அடித்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னலைச் சாத்தவில்லை. நமக்குக் கல்யாணமான புதிதில், எண்பதுகளில் மழை ஏமாற்றிய அந்தக் கோடை நினைவுக்கு வந்துவிட்டது.

ஏரி வற்றி, நம் கடலைக் கொல்லையோரப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் தண்ணீர். அதை நம்பிக் கோரைக்குள் ஒரு காட்டுவாத்து குஞ்சு பொரித்திருந்தது. "மூக்கப் பாரு புள்ள, ரெண்டு பக்கமும் செவப்புப் பொட்டு வெச்சிருக்கு," என்று காட்டினீர்கள். கறுத்த அலகு, நுனி மட்டும் மஞ்சள். மீன் செதில் போல் வரிவரியாகப் பழுப்பு உடம்பு, கால் செக்கச்செவேல். புள்ளிமூக்கு வாத்து என்று பெயராம், பிற்பாடு தெரிந்தது. அழகுதான், யார் இல்லை என்றது? நீங்கள் ஆயில் இன்ஜினை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் ஏரித் தண்ணீர் கொல்லைக்குப் பாயும். கொல்லைத் தண்ணீரை ஏரிக்குப் பாய்ச்சியவர் நீங்கள் ஒருவர்தான்.

"கடலக்கொடி காயுது, வாத்துக்குத் தண்ணி வுடறீங்களா?" என்று கத்தினேன்.

"குஞ்சுக்கு ரெக்க மொளைக்கிற வரைக்கும்தான் புள்ள," என்றீர்கள்.

இறகு முளைப்பதற்குள் கிணறு காலி. பள்ளமும் சுண்டியது, நாய்கள் ஏரிக்குள் இறங்கத் தொடங்கின. குஞ்சுகளைப் பிடித்துத் தண்ணீர் உள்ள வேறு ஏரியில் கொண்டுபோய் விடலாம் என்று கூடையோடு போனோம். நம்மைக் கண்டதும் தாய்வாத்து ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. "ஐயோ, ரெக்க ஒடஞ்சிருக்கு!" என்று பதறி அதன் பின்னால் ஓடினீர்கள். நானும் ஓடினேன். நடு ஏரி வரை இழுத்துக்கொண்டு போய், சட்டென்று எழும்பிப் பறந்தது. சிறகுக்கு ஒன்றுமில்லை. குஞ்சுகளைக் காப்பாற்ற நம்மை ஏய்த்திருக்கிறது. திரும்பி வந்தால் கோரைக்குள் நாய்கள். ஒரு குஞ்சும் மிச்சமில்லை.

சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "அதுக்கு நாயும் ஒண்ணுதான், நாமளும் ஒண்ணுதான் புள்ள," என்றீர்கள். வெறுங்கூடை உங்கள் மடியிலேயே இருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, உங்களுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் உங்களைத் துணி போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வந்தவர்களெல்லாம், "ஒங்களால ஆனதெல்லாம் செஞ்சிட்டீங்க," என்றார்கள். ஆனதெல்லாம் செய்தபிறகு வெறுங்கூடையோடு உட்கார்வது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது, மாமா. இன்னும் எழுந்திருக்க முடியவில்லை.