தொழில்: இல்லத்தரசி

அக்கா,

இன்று காலை முதியோர் கல்வி அலுவலகத்திலிருந்து புதிய பாடப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. வகுப்பு நடக்கிற நம் வலைக்கூடத்தில் வைத்துத்தான் பிரித்தேன். புது அச்சு மையின் வாசனை மூக்கில் ஏறியது. அட்டையெல்லாம் பளபளவென்று மாறியிருக்கிறது. நான் நேராக ஏழாம் பாடத்தைத் திருப்பினேன். அம்மா கையில் கரண்டி, அப்பா தோளில் வலை. நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. அந்த அம்மா இன்னும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

வந்த ஆத்திரத்துக்குப் பெட்டியோடு தூக்கிக் கழிமுகத்தில் வீசியிருப்பேன். அனல் மின் நிலையம் ஏற்கெனவே கொட்டின சாம்பல் பத்தாதா என்று நீ திட்டுவாய். அதனால் விட்டேன்.

நீ வந்த முதல் நாள் உன்னை "வாங்க, உட்காருங்க" என்று அழைத்தது நினைவிருக்கிறதா? "இன்னா டீச்சரு, ரேசன் கடை ஆபீசரக் கூப்டற மாரி கூப்டற? அக்கான்னு சொல்லு, நீ வா போன்னு பேசு, போதும்" என்றாய். பதினைந்து வயது மூத்தவளை நீ என்று சொல்ல எனக்கு நாக்குப் புரளவே சில வாரங்கள் ஆயின. இப்போது வேறு எப்படியும் உன்னோடு பேச வரவில்லை.

அலுவலகம் கொடுத்த தாளில் வகுப்பு மாலை ஆறு முதல் எட்டு வரை. காத்திவாக்கத்துப் பெண்கள் உலை வைக்கும் நேரத்தில் வகுப்பு வைக்க எந்த மகராசனுக்குத் தோன்றியதோ! மூன்று நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. நான்காம் நாள் நீ வந்து சட்டம் போட்டாய். "தண்ணி ஏறிச்சின்னா கிளாஸு, வத்திச்சின்னா தொழிலு. ஒன் கடியாரத்த ஊட்ல வச்சிட்டு வா." தண்ணீர் வற்றினால்தானே இறால் தடவ முடியும்? தலை மட்டும் வெளியே தெரியச் சேற்றில் குந்தி, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவி, அகப்பட்ட இறாலை அந்தக் கூடைக்குள் போடுவீர்கள். பறி கடித்துக் கடித்துத் தேய்ந்த முன்பற்களோடுதான் நீ 'அ' சொல்லப் பழகினாய்.

ஏழாம் பாடம் வந்த நாள். "அம்மா சோறு ஆக்குவாள். அப்பா மீன் பிடிப்பார்." நீ எழுத்துக் கூட்டி, வியர்த்து, ஒரு பிழையில்லாமல் வாசித்து முடித்தாய். நான் கைதட்டப் போனேன். நீ புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாய்.

"மெய்யாலுமே இப்டிதான் போட்டுகீதா? எங்கூட்டு ஆளு காலு ஒட்ஞ்சி ஆறு வருசமா குந்திகினு கீறாரு. சேத்துல எறங்கறதும் நானு, வந்து சோறாக்கறதும் நானு. இந்தப் பொம்மைல நா எங்க கீறேன், காட்டு."

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை நிமிர்த்திக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்; எந்தப் படத்திலும் நீ இல்லை.

அதற்கப்புறம்தான் என் அலைச்சல் ஆரம்பித்தது. ஆணும் பெண்ணும் சமம் என்பதை இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிற ஒரு பெரியவளுக்குச் சொல்கிற புத்தகம் ஒன்றே ஒன்று வேண்டும். இதற்காக எத்தனை நாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் தொங்கிக்கொண்டு நகரத்துக்குப் போயிருப்பேன்! கடைகளில் பெரிய எழுத்துப் புத்தகம் கேட்டால் நரியும் திராட்சையும் எடுத்துக் கொடுத்தார்கள். பெண்ணுரிமை கேட்டால் தலையணை உயரத்துக்கு அடுக்கினார்கள். அதில் ஒரு வாக்கியம் ஏழு வரி ஓடும். 'பாலினச் சமத்துவத்தை நிலைநாட்டுவதற்கான' என்று ஆரம்பிப்பதை நானே இரண்டு முறை மூச்சு வாங்கித்தான் படித்தேன். யாருக்காக எழுதினார்களோ அவர்களைத் தவிர எல்லோரும் படிக்கலாம்.

அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னது இன்னும் காதில் சுடுகிறது. "அந்தத் தலைப்பெல்லாம் காலேஜ் பசங்களுக்கும்மா. இவங்களுக்குக் கையெழுத்துப் போட வந்தாப் போதாதா?" போகும்போது மனமிரங்கி ஒரு சுவரொட்டி கொடுத்தார். அதில் ஒரு பெண் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதை வலைக்கூடத்தில் ஒட்டினேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாய்.

"நல்லாதான் கீறா. ஆனா பறி கடிச்சவள யாரும் போட மாட்டாங்களா?"

சரி, யாரும் போடாவிட்டால் நாமே போடுவோம் என்று உட்கார்ந்தோம். நீங்கள் சொல்லச் சொல்ல நான் பெரிய எழுத்தில் எழுதினேன். உன்னுடையதுதான் முதல் தாள். 'நான் ஆற்றில் இறங்குவேன். பறியைக் கடிப்பேன். இறால் பிடிப்பேன். இது என் தொழில்.' கடைசி வாக்கியத்தை நான் கேட்கவில்லை, நீயாகச் சேர்த்தாய். மறுநாள் வீட்டில் அதை உரக்கப் படித்துக் காட்டினாயாம். உன் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து போய் அரிசி களைந்தாராம். "பயந்துட்டாரு போல" என்று நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

இதுவரை எழுதும்போது நான் ரொம்ப நல்லவளாகத் தெரிகிறேன். ஊரையெல்லாம் ஏசிவிட்டேன். இனி என் கதைக்கு வருகிறேன்.

ஆற்றில் மீன்பிடிப்பவர்களுக்குத் தொழிலாளர் அட்டை கொடுக்க முகாம் போட்டார்கள். ஆண்களிடம் ஒரு கேள்வி இல்லை. உன்னிடம் மட்டும் ஆதாரம் கேட்டார்கள். நீ என் வகுப்புப் பதிவேட்டை நம்பினாய். "டீச்சரு எழுதி வச்சிகீறாங்க, அதப் பாருங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திப் போனாய். அட்டை கிடைத்தால் என்ன செய்வாய் என்று வழியில் கேட்டேன். "நா சேத்துல எறங்கனவள்னு ஒரு காயிதமாவது சொல்லணும்" என்றாய்.

அந்த ஊழியர் பதிவேட்டைத் திறந்தார். என் பக்கம் திருப்பினார். அவருக்கு முன்னால் நீ வாசித்துவிட்டாய், விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. தொழில் என்ற பத்தியில், உன் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில்: இல்லத்தரசி. உனக்குக் கீழே இருபத்தோரு பேருக்கும் 'மேற்படி' என்று குறி போட்டிருந்தேன். மாதிரிப் படிவத்தில் அப்படி இருந்தது. நீங்கள் வந்து சேர்ந்த அன்று அப்படியே பார்த்து எழுதினேன். ஒருத்தியிடமும் கேட்கவில்லை. ஈரப் புடவையோடு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள்.

நீ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "பொம்ம போட்டவன் எங்களப் பாத்ததே இல்ல. நீ பாத்துகினே எழுதிகீறியே, டீச்சரு" என்றாய், அவ்வளவுதான்.

அங்கேயே சிவப்புப் பேனா வாங்கி அடித்துத் திருத்தினேன். திருத்தல் இருந்தால் செல்லாது என்றார்கள். புதிதாக எழுதிக் கொடுத்தேன். பழைய தேதி இல்லையே என்றார்கள். அடுத்த முகாமில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த மழைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தது. அட்டை வரவில்லை, நீ போய்விட்டாய். அவர்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட என் மேல் இருப்பது அதிகம், அக்கா. அது ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றும் நினைக்கிறேன்.

நீ கோபித்துக்கொண்டு வகுப்பை விட்டுவிடவில்லை. மறுநாள் தண்ணீர் ஏறியதும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாய். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

இன்று புத்தகங்களை மூலையில் அடுக்கிவிட்டு நம் தாள்களை எடுத்து வைத்தேன். புதிதாக ஒரு பெண் வந்தாள். பதிவேட்டை விரித்து, "என்னம்மா தொழில்?" என்று கேட்டேன்.

"தொழிலா? ஒண்ணியும் இல்ல டீச்சர், சும்மா ஊட்லதான் கீறேன்" என்றாள். இறால் உரித்து உரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

நான் பேனாவை மூடினேன். பதிவேட்டின் பழைய பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன். உன் பெயரையும், அடித்த சிவப்புக் கோட்டையும், அதற்குக் கீழே எழுதிய 'இறால் பிடிப்பவர்' என்பதையும் காட்டினேன். யார் இப்படித் தப்பாக எழுதினது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.