ஒரு வருஷத்து மருமகள்

குருநகர்,
12.10.2025

என் அன்பு மகள் றொசாந்திக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் லெனாட்டும் பேத்தி ஜெசிதாவும் அந்தக் குளிருக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பூசைக்குப் பூசை கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிற அம்மா இப்போது ஏன் கடதாசி எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் தொடங்கினால் நீ சரி அம்மா, சரி அம்மா என்பாய், நானும் பாதியில் விட்டுவிட்டு என்ன சமைத்தாய் என்று கேட்பேன். இது முழுதாகச் சொல்ல வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டு அருட்செல்வன் செவ்வாய்க்கிழமை ரொறன்ரோவுக்கு வெளிக்கிடுகிறான், மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன், அந்தப் பொதிக்குள் இதுவும் இருக்கும்.

நீ அங்கே கல்லூரியில் அரசறிவியல் படிப்பிக்கிறது காணாதென்று, இங்குள்ள உயர்தரப் பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைகளில் தமிழில் வீடியோப் பாடம் செய்து போடுகிறாய். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பா அதை வைத்துக்கொண்டு படுத்துகிற பாடு உனக்குத் தெரியாது. பாசையூர்ச் சந்தைக்கு மீன் வாங்கப் போனால் மீனைப் பார்க்கிறதில்லை, போனைத்தான் எல்லாருக்கும் காட்டுகிறார், போன கிழமை பழுதான விளைமீனோடு வந்து நின்றார். முப்பத்தொரு வருஷமாக நானும் அதே அரசறிவியல்தான் படிப்பிக்கிறேன். ஒருநாளாவது இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டவரா? இப்போது சோற்றுக்கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அதிகாரப் பிரிப்பு என்றால் என்னவென்று எனக்கே விளக்கம் சொல்கிறார். எரிச்சலில் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் அதிபரின் கூட்டம் நீண்டு, வகுப்புக்குப் போக அரை மணி பிந்திவிட்டது. வாசலுக்கு வரும்போதே சிரிப்புச் சத்தம். நான் துணி போட்டு மூடிவைத்திருந்த ஸ்மார்ட் போர்டைப் பிள்ளைகள் திறந்து, அதில் உன்னைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்துமூன்று பேரில் ஒருவரும் நான் வந்ததைக் காணவில்லை. நீ அந்த நீலச் சட்டையோடு நிற்கிறாய், உனக்குப் பின்னால் மாகாணங்கள் நிறம் மாறுகின்றன, பாடம் முடிய ஒரு சின்னப் பரீட்சை வருகிறது, போனில் தட்டினால் அந்த நிமிஷமே புள்ளி விழுகிறது. நான் கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திருத்தி முடிக்க ஒரு கிழமை. கோப்பாயிலிருந்து வருகிற அருந்ததி, வகுப்பிலேயே கெட்டிக்காரி, என்னைக் கண்டதும் எழும்பி, இவ சொல்லித் தாறது நல்லா விளங்குது மிஸ் என்றாள். அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. நீ றொசாந்தி லெனாட் என்றல்லவா பேர் போட்டிருக்கிறாய், நாற்பத்திரண்டு வீடியோவில் ஒன்றிலாவது இதை அம்மாவிடம் படித்தேன் என்று ஒரு சொல் இல்லை. நானும் சொல்லவில்லை. போர்டை நிறுத்திவிட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

எனக்குப் பொறாமை, பிள்ளை. வேறு பேர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெற்ற மகளைப் பார்த்துத் தாய்க்கு எரியுமா என்றால் எரிகிறது. அன்றிலிருந்து நாற்பத்திரண்டையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன், படிக்க அல்ல, பிழை பிடிக்க. பத்தொன்பதாவதில் அகப்பட்டாய். பொதுத்தேர்தல் முடிந்து ஒரு வருஷம் போனால் ஜனாதிபதி தன் எண்ணப்படி பாராளுமன்றத்தைக் கலைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாய். வீட்டுக்கு வந்த மருமகளை ஒரு வருஷம் போகமுதல் தாய்வீட்டுக்குத் துரத்தேலாது, ஜனாதிபதிக்கும் அதே கதைதான் என்று ஒரு பகிடி வேறு. பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்தது அதற்குத்தான். இப்படி ஒன்று என் வாயில் வராதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனால் மகளே, அந்த ஒரு வருஷம் எப்போதோ போய்விட்டது. 2015இல் நாலரை வருஷமாக்கினார்கள், 2020இல் இரண்டரை ஆக்கினார்கள், இன்றைக்கும் அதுதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. உனக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, அடுத்த நாளே வகுப்பில் அந்தக் கேள்வியைப் பரீட்சையாக வைத்தேன். பதினேழு பேர் ஒரு வருஷம் என்று எழுதினார்கள். பதினேழுக்கும் சிவப்பு மையால் பெரிதாய்க் கீறிவிட்டு, வீடியோ பார்த்துப் படித்தால் இதுதான் கிடைக்கும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அருந்ததி ஒரு பழைய கொப்பியோடு வந்தாள். அவளுடைய சின்னம்மா வினோஜா உன்னோடு படித்தவள், நினைவிருக்கும், 2010இல் சோதனை எடுத்த வகுப்பு. மிஸ், இது நீங்கள் சொல்லச் சொல்ல அவ எழுதினது, இதிலையும் ஒரு வருஷம் எண்டுதான் கிடக்கு என்றாள். பார்த்தேன். என் வசனங்கள்தான். பக்கத்து ஓரத்தில் பென்சிலால் அந்த மருமகள் கதை, மிஸ் சொன்ன பகிடி என்று கீழே கோடும் போட்டு எழுதியிருக்கிறது. சட்டம் மாறிய பிறகு நான் அதைச் சொல்லாமல் விட்டேன், விட்டதும் மறந்துபோனேன். நீ மறக்கவில்லை. இதற்குள் என்னுடைய பகிடியைப் பார்த்து நானே பொறாமைப்பட்டு, நான் படிப்பித்ததை எழுதியதற்காகப் பதினேழு பிள்ளைகளுக்குச் சிவப்பால் கீறியிருக்கிறேன்.

அன்றைக்கே வகுப்பில் சொன்னேன். "பிழை அந்த வீடியோக்காரியின்ரை இல்லை, பிள்ளையள். அவ படிக்கேக்கை அது சரி. நான்தான் அவவுக்கு அப்பிடிப் படிப்பிச்சனான்." அப்ப அவவும் உங்களிட்டைப் படிச்சவவோ மிஸ் என்று அருந்ததி கேட்டாள். ஓம், உந்த ரெண்டாம் வாங்கிலை இருந்தவ என்றேன். மகள் என்ற சொல் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து நான் உன் அம்மா. அந்தப் பாடம் முடியும்வரைக்குமாவது அவர்களுக்கு ரீச்சராக இருக்க ஆசைப்பட்டேன்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், உனக்குச் சொல்ல மட்டும் மனம் வரவில்லை. மூன்று கிழமை இப்படியே போனது. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வருஷத்தைப் பாடமாக்கிக்கொண்டிருக்கிறார்களோ, வருகிற மாதம் பரீட்சை. மனம் பொறுக்காமல் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொன்னேன். உடனே மகளுக்கு எழுதுங்கோ என்றார், அது சரி. பிறகு மெதுவாக, அந்த வீடியோவை எப்படித் தேடி எடுக்கிறது என்று கேட்டார், அவருடைய தமையனின் பிள்ளை, பெறாமகளும் உயர்தரம் எடுக்கிறாளாம். பாவமன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் நீதான்.

அருட்செல்வன் வந்து இறங்கி, நீ இந்தப் பொதியைத் திறந்த அன்றைக்கே பத்தொன்பதாவது வீடியோவைத் திருத்து. யாரிடம் படித்தாய் என்று சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். சொன்னால் அம்மா என்று சொல்லாதே, யோசப்பின் ரீச்சர் என்று சொல். மருமகனுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல், ஜெசிதாவுக்குத் தலைக்கு எண்ணெய் வை, அந்த நீலச் சட்டை உனக்கு எடுபடவில்லை. கர்த்தர் உன் வாக்கையும் உன் வீட்டையும் ஆசீர்வதிப்பாராக, இந்த அம்மாவின் எரிச்சல் உன்னை அண்டாதிருப்பதாக.

ஒன்றை மறந்துவிடாதே, அந்த மருமகள் பகிடியையும் வெட்டி எடு, இரண்டரை வருஷத்துக்கு அது பொருந்தாது. இரண்டரைக்குப் புதிதாக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், அதைவிட நல்லது, நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதை இதில் எழுத மாட்டேன். நாளைக்கு முதலாம் பாடத்தில் என்ரை பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன். அவர்கள் சிரித்த பிறகு உனக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
யோசப்பின் ரீச்சர்