சாமி அலமாரியில் கணினி

4 மார்ச்

என் அன்பு மனைவிக்கு,

இங்கு நலம். காவல் வேலையும் பரவாயில்லை. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். உனக்குக் கண் எரிகிறதாம், மாலையானால் எழுத்து மங்குகிறதாம். மகள் சொல்லித்தான் தெரிகிறது. தையல் சங்கத்துக் கணக்கைக் கணினியில் எழுத நீயாகவே கற்றுக்கொண்டது பெருமைதான். அதற்காகக் கண்ணைக் கொடுப்பதா? ஞாயிறன்று தம்பி வந்து கணினியை எடுத்துப்போவான். மறுக்காதே.

உன் வீட்டுக்காரன்

11 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் தம்பி வந்தார். காபி குடித்தார். கணினியைத் தரவில்லை.

"அண்ணன் என்னைத் திட்டுவாரே, அண்ணி" என்றார்.

"திட்டு வாங்கறது உங்களுக்குப் புதுசா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கண் மருத்துவரிடம் நானே போனேன். "திரையை எங்க வச்சிருக்கீங்க?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார்.

"சாமி அலமாரியில, படத்துக்குப் பக்கத்துல."

படிப்புச் சாமானைத் தாழ்வாக வைக்கலாமா என்று அங்கே ஏற்றியவள் நான்தானே! இத்தனை மாதமாக அண்ணாந்தே வேலை பார்த்திருக்கிறேன்.

"கண்ணை அகலமா விரிச்சு, இமைக்காம பார்த்தா காயாம என்ன செய்யும்? விளக்கு வெளிச்சம் வேற திரையில அடிக்கும். சாமி மேலேயே இருக்கட்டும், இதைக் கீழ இறக்குங்கம்மா."

இறக்கிவிட்டேன். இப்போது சாப்பாட்டு மேசையில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கை தூரத்தில் இருக்கிறது. டாக்டரம்மா சொன்னபடி, கண்ணுக்கு ஓய்வாக, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தபடி சாமி பெயரைச் சொல்லிச் சொல்லி இமைக்கிறேன். "தொட்டிக்கு ஒரு பக்தை கிடைச்சாச்சு" என்று உங்கள் மகளுக்குக் கேலி. எரிச்சல் குறைந்து வருகிறது.

சாமியே கோபிக்கவில்லை. உங்களுக்கு என்ன? கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் தேடிக்கொண்டது இது ஒன்றுதான். விடமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி

19 மார்ச்

அன்பு மனைவிக்கு,

நான் சொன்னால் சொன்னதுதான். தம்பி மறுபடி வருவான். நீளமாக எழுத முடியவில்லை, தலைவலி. எங்கள் காவல் அறையில் கேமராத் திரைகளைக் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறார்கள். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கண் எரிந்து தண்ணீர் வழிகிறது.

உன் வீட்டுக்காரன்

25 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு,

தம்பி தாராளமாக வரட்டும். காபி உண்டு, கணினி கிடையாது.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பிறகு அதிகாரியிடம் போய்த் திரைகளை இறக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அவர் போன் எண்ணை அனுப்புங்கள். நான் கேட்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி