கொதித்த எஞ்சினும் கோவேந்தர் முத்திரையும்

ஞாயிற்றுக்கொடி மலைமுடிதோறும் பறக்க, பொன்வேலி நாடு முழுதும் ஒரு குடைக்கீழ் ஆண்டருளும் மாமன்னர் கடம்பவேளாரின் திருச்சமுகத்துக்கு, வடக்கெல்லையாம் மேகவரைக் கோட்டத்தைத் தங்கள் ஆணையின்படி காத்துவரும் உமையாண்டாள் வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகராம் தாழைமாநகரில் மாடங்கள் பொலிக, பண்டாரம் நிறைக, பருவமழை தப்பாது பெய்க. அரண்மனை மகளிர் யாவரும் சுகமாய்ப் பிள்ளை பெற்று வாழ்க. கடைசி வாழ்த்தை மட்டும் மனமறிந்து எழுதினோம். மற்றவை வழக்கம் பற்றி எழுதியவை.

எம் கோட்டத்துக் காரை ஓட்டும் உரிமை பெற்ற எம் மருமகன் சடையப்பன், நடுமலைப் பாதையில் எஞ்சின் கொதித்து ஆவி கக்கிய வேளையிலும் பானெட்டின் மேலிருந்த அரச முத்திரையை உடையாமல் காத்தான் என்று எல்லைக் காவலர் சொல்லக் கேட்டுத் தாங்கள் மகிழ்ந்தீர்கள். அவனுக்கு ‘முத்திரை காத்த செம்மல்’ என்னும் பட்டமும் பொற்காப்பும் வழங்கி, ஊர் கூடிய அவையில் அதனை எம் கையாலேயே அணிவிக்குமாறு பணித்துத் திருமுகமும் விடுத்தீர்கள். காப்பு இத்துடன் திரும்பி வருகிறது. அந்தக் காரின் பின்னிருக்கையில் பேறுவலியோடு கிடந்தவள் எம் மகள் மரகதவல்லி என்பதோ, அவள் வயிற்றில் இருந்தது அந்தச் செம்மலின் சொந்தப் பிள்ளை என்பதோ, அப்பிள்ளை மருத்துவச்சாலை சேராமல் பாதையோரத்தில் பிறந்து ஒருமுறை கூட அழாமல் போயிற்று என்பதோ தங்கள் திருமுகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. இருந்திருந்தால் காப்பின் எடையைக் கூட்டியிருப்பீர்களோ என்னவோ.

முதற்கண் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்; ஏனெனில் வாயில்லாத அதன்மேல் பழி விழுவதை யாம் ஒப்பமாட்டோம். மூன்றே சிலிண்டர், எண்ணூறு சிசிக்குச் சற்றுக் குறைந்த கொள்ளளவு, நாற்பதுக்குச் சொச்சம் குதிரைத்திறன். பெரிய வண்டிகளின் எஞ்சின் பக்கத்தில் வைத்தால் பெட்டிக்கடை போல் இருக்கும். ஆயினும் மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா. ஒரு லிட்டர் பெட்ரோலைக் குடித்து ஒரு காதத்துக்கு மேல் ஓடும். மலையேற்றத்தில் இரண்டாம் கியரில் முனகுமே அன்றி நின்றுவிடாது. வேளைக்கு ஆயில் மாற்றி, பெல்ட் தேயுமுன் புதியது பூட்டி, ரேடியேட்டரில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் அது பேரன் காலம் வரைக்கும் உழைக்கும். அதன் தலைப்பாகம் மட்டும் அலுமினியம். எடை குறைவு, ஆனால் சூடு தாங்காது. தண்ணீர் வற்றியபின் ஓட்டினால் வளைந்துவிடும், மேலும் ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் உப்பி எஞ்சின் இறுகிவிடும். உலகில் உள்ள எந்த எஞ்சினும் தண்ணீர் கேட்கத்தான் கேட்கும், அதில் அதற்கு வெட்கமும் இல்லை.

வெட்கம் வந்தது தங்கள் அவைக்கு. இந்த எஞ்சின் முதன்முதல் தாழைமாநகர் வந்து ஓராண்டு பழுதின்றி ஓடிய மகிழ்ச்சியில், தாங்கள் சிங்காதனத்திலிருந்து அதற்குப் ‘பழுதறியான்’ என்று பட்டம் சூட்டினீர்கள். யானைக்கும் வாளுக்கும் பட்டம் கொடுக்கும் நாடுதானே, எஞ்சினுக்குக் கொடுத்தால் என்ன என்று யாமும் கைதட்டினோம். அதன்பின் அமைச்சர்கள் கூடி ஆராய்ந்தார்கள். மன்னரே பழுதறியான் என்று உரைத்தபின் அதன் மூடியைத் திறந்து பழுது தேடுவது மன்னர் வாக்கை ஐயுறுவதாகும் என்று கண்டார்கள். ஐயோ, என்ன அறிவு! நாட்டிலுள்ள அத்தனை கார்களின் பானெட்டிலும் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்தார்கள். உடைத்தவன் வலக்கை போகும், அவன் ஊரின் காரும் பறிபோகும் என்று முரசறைந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஊர்க் கார்களையும் தலைநகரில் கூட்டிப் பானெட் திறப்பு விழா. நாகசுரம் முழங்க மூடி திறப்பார்கள், எஞ்சினுக்குச் சந்தனம் பூசுவார்கள், மாலை போடுவார்கள், மூடிவிடுவார்கள். போன விழாவில் யாமும் நின்று பார்த்தோம். மெக்கானிக்கின் கையில் ஸ்பேனரைக் காணோம், பூத்தட்டுத்தான் இருந்தது. இது போதாதென்று, ஓட்டுபவன் முன்னால் சூடு காட்டும் முள் இருக்கிறதே, அதன் கண்ணாடி மேல் தங்கள் திருவுருவப் படத்தை ஒட்டி அனுப்பினார்கள். பழுதறியானுக்குக் காய்ச்சல் பார்ப்பானேன் என்று விளக்கமும் கொடுத்தார்கள்.

இனி நடந்ததைக் கேட்டருள்க. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கீழ்நாட்டு மருத்துவச்சாலைக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும் என்று எம் மருத்துவச்சி சின்னம்மணி கைவிரித்தாள். பிற்பகலில் சடையப்பன் காரை எடுத்தான். மகளோடு சின்னம்மணி ஏறினாள், முன்னால் யாம் அமர்ந்தோம். கணவாய் வரைக்கும் ஏற்றம், அதன்பின் இறக்கம். ஏற்றம் முடியும் நரிக்கல் வளைவில் பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி சீறியது. முள்ளைப் பார்த்தால் தாங்கள் புன்னகைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வளைவிலேயே சுனை இருக்கிறது. சடையப்பன் ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்தான். வந்து, பானெட் முன்னால் நின்றான். அப்படியே நின்றான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கதை சொல்வார்கள், யாம் கண்ணாலேயே கண்டோம். “ஏலே சடையா, ஒடைச்சு ஊத்துலே! உள்ள உசுரு ரெண்டு கெடக்கு!” என்று சின்னம்மணி மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். யாம் இறங்கிக் கம்பியைப் பற்றினோம். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எம் கையைப் பிடித்துக்கொண்டான். ஆவி அடங்கும் மட்டும் காத்திருப்போம், ஆறினால் தானே ஓடும் என்று மன்றாடினான். ஆறிற்று. தண்ணீரில்லாமலே கிளப்பினான். இறக்கம் தொடங்கியதும் எஞ்சின் கடகடவென்று கத்தி, ஒரேயடியாக இறுகி நின்றுவிட்டது. எம் பேரன் அந்த இடத்தில் பிறந்தான்.

அடுத்த செய்தியைத் தாங்கள் இன்னும் அறியீர். காரை மாடு பூட்டி இழுத்து வந்த அன்றே, எம் வலக்கையால் சுத்தியல் எடுத்து முத்திரையை உடைத்தோம். உள்ளே பார்த்தால், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே போகும் ரப்பர்க் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வெயிலில் காய்ந்து வெடிக்கும் சாதாரண ரப்பர். சற்று ஆறவிட்டு, வெடிப்பின் மேல் ஒரு கந்தைத் துணியை இறுக்கிக் கட்டி, துணி சுற்றிய கையால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, அந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருந்தால் போதும். ஒழுகி ஒழுகியாவது கீழ்நாடு போய்ச் சேர்ந்திருப்போம். விழாவன்று யாராவது சந்தனம் பூசிய விரலால் அந்தக் குழாயை ஒருமுறை அமுக்கிப் பார்த்திருந்தால் இந்த ஓலையே இல்லை.

ஏனப்பா நின்றாய் என்று அவனைக் கேட்டோம். “எங் கையி போனா மயிராப் போச்சு அத்தை. ஊருக்கு இருக்குறது ஒத்தக் காரு. நாளைக்கு இன்னொருத்தி புள்ளைக்கி அல்லாடுனா எதுல கொண்டு போறது? அத நெனச்சுத்தான் நின்னேன்” என்றான். சொல் கொச்சையாயினும் மாற்றாமல் எழுதியிருக்கிறோம். அவையில் உரக்கப் படிக்கச் செய்க. அவன் கோழையல்லன். தங்கள் சட்டம் ஒரு நல்லவனைப் பிடித்து, அவன் நல்ல குணத்தாலேயே அவன் பிள்ளையைக் கொன்றது. என் மகளுக்கு இந்த நியாயம் எட்டவில்லை, எட்ட வேண்டிய கடனும் அவளுக்கில்லை. “தண்ணியக் கையில வச்சுக்கிட்டு நின்னியளே” என்று ஒருமுறை சொன்னாள். அதன்பின் அவனோடு பேச்சில்லை. அவன் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவன் கொட்டிலில் எஞ்சினருகே படுக்கிறான். அந்த வீட்டுக்குத்தான் தாங்கள் பொற்காப்பு அனுப்பினீர்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதென்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலுக்குப் பொன்முலாம் பூசி அனுப்பிய வேந்தரை இப்போதுதான் காண்கிறேன். வயிறு எரிந்து சொல்கிறேன், தங்களைச் சபிக்க என் நாவு துடிக்கிறது. அரண்மனையிலும் கருவுற்ற பெண்கள் இருப்பார்களே என்றுதான் அடக்கிக்கொள்கிறேன்.

ஆதலின் மேகவரைக் கோட்டத்தில் இன்றுமுதல் நடப்பு இது. தலைப்பாகம் சீவி நேராக்கப்பட்டது. பிஸ்டனும் கேஸ்கெட்டும் புதியன. குழாய் புதியது, மாற்றுக்குழாய் ஒன்று வண்டியிலேயே கிடக்கிறது. எஞ்சின் மீண்டும் ஓடுகிறது. பானெட்டில் கம்பியில்லை, ஈயமில்லை. விடிந்ததும் யாரேனும் ஒருவர் அதைத் திறந்து ஆயிலும் தண்ணீரும் பார்ப்பார். முள்ளின் மேலிருந்த திருவுருவப் படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டோம், கிழிந்ததற்கு வருந்தவில்லை.

முத்திரை உடைத்த கை எமது கை. வேறெவரையும் இதில் தொடற்க. கையை வாங்கவும், காரைப் பறிக்கவும் அதிகாரியை அனுப்புவதாயின் தாராளமாய் அனுப்புக. அவர் வருவதும் பழுதறியான் பூட்டிய கார்தான். பூப்போட்டு மூடிய எஞ்சின்தான். நரிக்கல் வளைவில் அது கொதிக்கும். எம் ஊர்ப் பெண்கள் குடமும் கையுமாக அங்கே நிற்பார்கள். அதிகாரி இறங்கி, தம் கையால் முத்திரையை உடைத்தால், ஊற்றுவார்கள்.

மேகவரைக் கோட்டத்துத் தலைமைப் பொறி ஒற்றி விடுத்தது.
உமையாண்டாள்,
மரகதவல்லியின் தாய்.